சண்டை போட வராத மொழி

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஒரு நீல நிற ஐஸ் தட்டு இருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் தட்டு, ஒரு மூலை உடைந்தது. அதில் எப்போதும் ஐஸ் நிறைந்திருக்கும். ஆனால் அந்த ஐஸை இந்த வீட்டில் யாரும் வாயில் போட்டதில்லை. அம்மாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் என்றாலே தொண்டை கட்டும், எனக்குப் பல் கூசும். சித்திரை வெயிலில் வந்து உட்காரும் விருந்தாளி மோருக்கு இரண்டு கட்டி கேட்டால், "இல்லையே" என்று அம்மா கூசாமல் பொய் சொல்லிவிடுவாள். ஒருமுறை சித்தப்பா தானே எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்து, "இம்புட்டு ஐஸை வச்சுக்கிட்டா இல்லைங்கிறீங்க?" என்று கேட்டார். அம்மா அசரவே இல்லை. "அது மருந்து, கை வைக்காதீங்க" என்றாள். சித்தப்பா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வெறும் மோரைக் குடித்தார்.

அந்தத் தட்டை வாங்கி வந்தவர் அப்பா. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கடையில் நீலமா வெள்ளையா என்று வெகுநேரம் நின்று யோசித்தாராம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் அவர். நகரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்று நின்றே கால் நரம்பு புடைத்துப் போனவர். கடையில் அவர் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "வாங்கம்மா, உக்காருங்க, பட்டா பாக்குறீங்க, சுங்குடியா? பொறுமையாப் பாருங்க, எடுக்கலைன்னாலும் பரவாயில்லை." மலை மாதிரி சேலையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு ஒன்றுமே எடுக்காமல் எழுந்து போகிறவர்களையும் வாசல் வரை வந்து வழியனுப்புவார். அதே மனிதர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்தக் குரலையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். மின்விசிறி சுற்றினால் ஏன் சுற்றுகிறது, சுற்றாவிட்டால் ஏன் சுற்றவில்லை. அம்மா பாவம், இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். குஜராத்திலிருந்து எந்தக் காலத்திலோ புறப்பட்டு வந்து மதுரையில் தறி போட்டு உட்கார்ந்த கூட்டத்தில் நாங்களும் ஒரு குடும்பம். தமிழ் எங்களுக்கு அந்நியம் ஒன்றும் இல்லை. படித்தது, எழுதுவது, பஸ்ஸில் இடம் கேட்பது, காய்கறி வாங்குவது எல்லாம் தமிழில்தான். ஆனால் கொஞ்சுவது, திட்டுவது, காய்ச்சலில் உளறுவது எல்லாம் எங்கள் மொழியில். அப்பாவுக்குத் தமிழ் கடை மொழி. கடையில் கோபப்பட்டால் வேலை போய்விடும் அல்லவா? அதனால் தமிழில் அவருக்குக் கோபப்படவே தெரியாது என்பது எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாமல் இருந்தது. கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் திரையில் வந்த ஒரு பெண் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஏன் அப்படி ஒரு பெண் எங்கள் வீட்டுக்குள் வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனான். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவனையும் குறைத்தது. மதுரையில் கோச்சடைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முதலில் சாப்பிட வந்தான், பிறகு சாப்பாட்டை உள்ளே கேட்டான், பிறகு கேட்பதும் நின்றது. அப்பாவுக்கு அது சோம்பேறித்தனம். அக்காவான எனக்கும் அம்மாவுக்கும் அது என்னவென்று பெயர் தெரியாத பயம். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அப்பா அவன் கதவருகே நின்று கத்துவார், அவனும் உள்ளேயிருந்து கத்துவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கத்தல் வழக்கத்துக்கு மேல் போய், சட்டென்று நின்றது. அன்று சாயங்காலம் அவன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்யப் போனான். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அம்மாவுக்கு ஏதோ தோன்றிக் கதவைத் தட்டினாள், பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கதவை உடைத்தார், நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிழைத்தான்.

மனநல டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "மாத்திரை நான் தாரேன். ஆனா இவன் திரும்பிப் போறது அதே வீட்டுக்குத்தான். வீடு மாறணும்." அப்பா பதறிப்போய், "சொந்த வீடு சார், எப்படி மாறுறது?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. குடும்பமாக உட்கார்ந்து பேச ஒரு பெண் ஆலோசகரை ஏற்பாடு செய்வதாகவும், அவர் கோயமுத்தூரில் இருப்பதால் வீடியோவில்தான் பார்க்க முடியும் என்றும் சொன்னார். "திரும்ப ஒரு தடவை நடந்தா இதே மாதிரி நேரத்துக்கு வந்து சேருவோம்னு சொல்ல முடியாதுங்க" என்றும் சொன்னார். ஆட்டோவில் வரும்போது, கோச்சடை திருப்பத்தில் அப்பா, "ஊசி இல்லை, மருந்து இல்லை, பேசிப் பேசியே சரி பண்ணுவாளாமா?" என்றார்.

ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் ஹாட்பாக்ஸ் மேல் வைப்போம். அப்பா சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் நாமம் இட்டு, பையில் பேனாவைச் செருகிக்கொண்டு கல்யாணப் போட்டோவுக்கு உட்காருவதுபோல உட்காருவார். திரையில் அந்தப் பெண் வருவாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கலாம். தோளுக்குக் கீழே அவளை நாங்கள் இன்றுவரை பார்த்ததில்லை. "நான் டாக்டர் இல்லைங்க சார், ஆலோசகர்" என்று எத்தனை முறை சொன்னாலும் அப்பாவுக்கு அவள் டாக்டரம்மாதான். முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் அப்பா சேலை விற்கும் குரலில் பதில் சொன்னார். "எல்லாம் நல்லபடியா இருக்கோம்மா. பையன் தங்கமான பையன். நீங்க சாப்டாச்சா?" தம்பி மேஜையின் ரெக்ஸின் விரிப்பைச் சுரண்டிக்கொண்டிருப்பான். அழைப்பு முடிந்து திரை கறுத்ததும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய குரலில், "மூஞ்சியைப் பாரு, அந்தம்மா முன்னாடி வாயைத் திறந்தா குறைஞ்சா போயிடுவ?" என்று ஆரம்பிப்பார். தம்பியின் கதவு சாத்தப்படும். நானும் அம்மாவும் அந்தக் கதவுக்கு வெளியே மாறி மாறிக் காவல் உட்கார்ந்திருந்தோம். தாழ்ப்பாளை முதலிலேயே கழற்றியாகிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை அவள், "வீட்டுல சண்டை எப்படி வரும்னு எனக்கு நடிச்சுக் காட்டுங்க சார், நேத்து வந்ததே இருக்கட்டும்" என்றாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். தம்பி பக்கம் திரும்பி, தமிழில், "தம்பி, நீங்க நேத்து மத்தியானம் சாப்பிட வரலையே, எதுனால?" என்றார். பெற்ற மகனை 'நீங்க' என்கிறார். தம்பியும் பழக்கதோஷத்தில், "பசிக்கலைங்க" என்றான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் வந்த முதல் சிரிப்பு அது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு ஏன் சிரிக்கிறோம் என்றே விளங்கவில்லை. நான்தான் திரையைப் பார்த்து, "மேடம், எங்களுக்குத் தமிழ்ல சண்டை போட வராது" என்றேன். அவள், "சரிங்க, உங்க மொழியிலயே போடுங்க. எனக்குப் புரிய வேண்டியதில்லை. நான் பாத்துட்டு மட்டும் இருக்கேன்" என்றாள்.

அப்படி ஒரு அனுமதி கிடைத்ததும் அப்பா முதலில் தயங்கித்தான் ஆரம்பித்தார். ஆனால் அந்த மொழியில் அவருக்கு நடிக்க வராது. இரண்டாவது வாக்கியத்திலேயே அது நிஜமாகிவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. தம்பியும் எழுந்துவிட்டான். திரையில் ஒரு வெளியாள் இருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். கடைசியில் அப்பா கையை வாசல் பக்கம் வீசி, "ஜா" என்றார். அவ்வளவுதான். தம்பியின் முகத்தில் இருந்த கோபம், ஆத்திரம் எல்லாம் ஒரே நொடியில் வடிந்து, ஒன்றுமே இல்லாமல் போனது. அவன் மெதுவாக உட்கார்ந்தான். அந்த முகத்தை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.

அவள் மெல்லக் கேட்டாள். "சார், கடைசியா ஒரு வார்த்தை சொன்னீங்க. ஜா. அப்படின்னா என்னங்க?"

அது ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை. குளிக்கப் போ, கடைக்குப் போ, தள்ளிப் போ, எல்லாவற்றுக்கும் எங்களிடம் அதுதான். நாள் முழுக்க வீட்டில் காதில் விழுகிற வார்த்தை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கத்தல் சட்டென்று நின்றதே, அதற்கு முன்னால் அப்பா கடைசியாகச் சொன்னதும் அதுதான். எங்கள் நான்கு பேருக்கும் அது தெரியும். தெரியும் என்பதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல் அவ்வளவு நாள் அந்த வீட்டில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

அப்பா லேப்டாப் பக்கம் திரும்பி, வேகமாக, தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டார். "போன்னு அர்த்தம்மா. அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன்." சொல்லி முடித்து நிமிர்ந்தால், திரையில் அவள் முகம் அப்படியே நின்றிருந்தது. கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து. நெட் போயிருந்தது. எங்கள் பகுதியில் மத்தியான நேரத்தில் அது அப்படித்தான். நாங்கள் நான்கு பேரும் அந்த உறைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. எந்திரிச்சுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். திடீரென்று அவள் அசைந்தாள். "சார், மன்னிச்சுக்குங்க, லைன் நின்னுடுச்சு. கடைசியா சொன்னது கேக்கலைங்க. திரும்பச் சொல்றீங்களா?"

ஒருமுறை சொல்வதற்கே அந்த மனிதருக்கு எம்புட்டுக் கஷ்டமாக இருந்திருக்கும்! அவர் திரையைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். தமிழிலேயே, மெதுவாக, கடைக் குரலும் இல்லாமல் வீட்டுக் குரலும் இல்லாமல், நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "போன்னு சொன்னேன். இவனைப் போன்னு சொன்னேன்" என்றார். உதடு கோணிக்கொண்டு வந்தது. தம்பி ரெக்ஸினைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, "எனக்கு அப்பவே கேட்டுச்சுப்பா" என்றான். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, தகவல் சொல்கிற மாதிரி சொன்னான். அப்பா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். சலவைச் சட்டையின் பையிலிருந்து பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்து மறுபடி அவர் பையில் செருகியவன் தம்பிதான்.

அந்தப் பெண் அழுகையைப் பெரிதுபடுத்தவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. அழுது முடியும் வரை இருந்துவிட்டு, செய்ய வேண்டிய வேலைக்கு வந்துவிட்டாள். கோபமே வராமல் இருக்க நாங்கள் யாரும் சாமியார் இல்லை, வந்தால் என்ன செய்வது என்பதைப் பழகினால் போதும் என்றாள். கோபம் தலைக்கு ஏறும்போது கையில் ஒரு ஐஸ் கட்டியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். உடம்பு அந்தக் குளிரைக் கவனிக்கப் போகும், அதற்குள் நாக்கு கொஞ்சம் அடங்கும். அதோடு, கோபப்பட்டவர்தான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போக வேண்டும், மற்றவரைப் போகச் சொல்லக் கூடாது. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஐஸ் கரைந்ததும் திரும்பி வந்தே ஆக வேண்டும். "எந்த மொழியில உங்களுக்குச் சண்டை போட வரலையோ, அந்த மொழியிலயே அந்த வார்த்தை இருக்கட்டுங்க. என்ன வார்த்தை வச்சுக்கலாம், நீங்களே சொல்லுங்க சார்" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். எங்கள் மொழியிலும் தமிழைப் போலத்தான், வெறுமனே 'போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது. போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். தவறிச் சொல்லிவிட்டால் அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, திருத்திச் சொன்ன பிறகுதான் விடுவாள். அப்பா யோசித்து, "வாரேன்னு வச்சுக்கலாம்மா" என்றார். "கடையில எல்லாரும் அதைத்தான் சொல்லிட்டுப் போவாங்க."

இப்படித்தான் அந்த நீலத் தட்டு வீட்டுக்கு வந்தது. வந்த புதிதில் அது செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். முதல் முறை கோபம் வந்தபோது அப்பா விறுவிறுவென்று போய் ஐஸை எடுத்து வந்து தம்பியின் கையில் திணித்து, "பிடிடா" என்றார். அம்மா, "அதை நீங்க பிடிக்கணும்" என்றாள். "எனக்குக் கோபம் வர வச்சது அவன்தானே, அவனே பிடிக்கட்டும்" என்றார். தம்பி கையில் ஐஸோடு என்னைப் பார்த்தான். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் புகார் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். ஆனாலும் பல வாரங்கள் 'வாரேன்' சொல்ல மறந்து கத்தி முடித்த பிறகுதான் அவருக்கு ஐஸ் ஞாபகம் வரும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டே நாளை ஓட்டினோம். தம்பி மாத்திரை சாப்பிட்டான், சாப்பிட வெளியே வந்தான், ஆனால் இன்னொரு 'ஜா' விழுந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது என் காதிலேயே இருந்தது.

அது விழ இருந்தது ஒரு மத்தியானம். தம்பி சாப்பாட்டில் கை வைத்தபடி, ஒத்தக்கடையில் சிநேகிதன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், தானும் அங்கே போய் உட்காரலாம் என்று நினைப்பதாகச் சொன்னான். அப்பாவின் முகம் மாறியது. இன்ஜினியருக்குப் படித்த மகன், ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மகன், தெருவோரக் கடையில் ஸ்க்ரூ கழற்றப் போகிறான். ஆரம்பித்துவிட்டார். தம்பியும் விடவில்லை, "நீங்க மட்டும் என்ன, காலம் பூரா கடையில நின்னவர்தானே" என்றான். அப்பா எழுந்தார். கை வாசல் பக்கம் நீண்டது. 'ஜ' என்ற சத்தம் பல்லுக்கு நடுவே வந்தேவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது வெறுமையாகிவிடுமோ என்று. நீட்டிய கையை அப்பா அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, தமிழில், "வாரேன்" என்றார். குரல் உடைந்து வந்தது.

சமையலறைக்குள் போனார். ஃப்ரீசர் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தட்டை மேடையில் ஓங்கித் தட்டிய சத்தமும் கேட்டது, அந்த மூலை உடைந்தது அன்றுதான். அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் எச்சில் கை காய உட்கார்ந்திருந்தோம். தம்பி எழுந்து போகவில்லை. ஐஸ் கரைய இவ்வளவு நேரமா ஆகும் என்று இருந்தது. வந்தார். வலது கை சிவந்து, முழங்கை வரை தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, யாரையும் பார்க்காமல், எங்கள் மொழியில் கேட்டார்: "அந்தக் கடை எந்தப் பக்கம்? மேலூர் ரோட்டு மேலேயா, உள்ளயா?" தம்பி, "ரோட்டு மேலதான்" என்றான். அம்மா அவசரமாக அவனுக்கு ரசம் ஊற்றினாள்.

அதன்பிறகு எங்கள் வீடு சொர்க்கமாகிவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். அப்பா அப்பாவாகத்தான் இருந்தார். மின்விசிறிக்கான கேள்விகள் தொடர்ந்தன. ஆனால் அந்தக் கை வாசல் பக்கம் நீளவில்லை. 'ஜா' என்ற வார்த்தையையே அவர் வீட்டில் விட்டுவிட்டார். கடைக்குப் போகச் சொல்ல வேண்டுமென்றால்கூட, "கடைக்குப் போயிட்டு வா" என்று முழுதாகத்தான் சொல்வார். தம்பி கடைக்குப் போகத் தொடங்கினான். சனிக்கிழமை அழைப்புகள் மாதம் ஒன்றாகி, பிறகு வேண்டும்போது என்றாயின. அப்பா மட்டும் கடைசிவரை சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

போன தை மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆபரேஷன் என்றார்கள். காலையில் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது, அவர் தம்பியைத்தான் தேடினார். அவன் பக்கத்தில் போனதும், கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து லேசாக உயர்த்தி, "வாரேன்" என்றார். தமிழில். தம்பி தலையாட்டினான். கதவு மூடியது. அப்பா வரவில்லை.

ஆண்கள் தத்தநேரி சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு, வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை, உங்களுக்கும் தெரியும். போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால் திரும்பவும் இப்படி ஒன்றுக்கு வரவேண்டியதாகிவிடும் என்பார்கள். அதனால் அத்தைகள், சித்தப்பாக்கள், அப்பாவோடு கடையில் நின்றவர்கள் எல்லோரும் எழுந்து, அம்மாவின் பக்கம் திரும்பாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். வேறு எந்த வீட்டிலும் அது எனக்கு உறைத்ததில்லை. எங்கள் வீட்டில் அன்று ஒவ்வொருவர் எழும்போதும் அந்த வார்த்தைக்காக என் காது நீண்டுபோய், ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

தம்பி மூலையில் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பழைய முகம். சாயங்காலம், வெயில் தாழ்ந்த நேரம், எழுந்து சட்டையை மாட்டினான். மாமா, அம்மாவின் அண்ணன், "எங்கடா கிளம்பிட்ட? கொள்ளி வச்சவன் வெளிய சுத்தக் கூடாது" என்றார். அவன் வாயைத் திறக்கப் போனான், மாமா கையை நீட்டி மறித்தார். "போறதுன்னா சொல்லாமப் போ. இன்னைக்கு இந்த வீட்டுல எதுவும் சொல்லக் கூடாது." தம்பி வாயை மூடிக்கொண்டான். வாசலைத் தாண்டினான். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பின்னாலேயே ஓடினால் என்ன? ஓடக் கூடாது, காவல் காக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றினால் அதுவே அவனைத் தள்ளும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். ஓடாமல் இருந்து, ஏதாவது ஆகிவிட்டால்? கேட்டின் கொக்கி விழும் சத்தம் கேட்டது.

பிறகு கொக்கியை மறுபடி தூக்கும் சத்தம். தம்பி உள்ளே வந்தான். வாசற்படியில் நின்று, அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழில், "வாரேன்" என்றான்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "அபசகுனம் பிடிச்சவனே, சாவு வீட்டுல யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா?" அத்தை ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் கிடந்த அம்மா தலையைத் தூக்கினாள். "அவன் சொல்லட்டும் அண்ணே" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "போயிட்டு வா" என்றாள். கேட்டைச் சாத்திவிட்டு அவன் நடந்து போனான்.

நான் சமையலறைக்குப் போய் நீலத் தட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டேன். அது கரைந்தது. இன்னொன்றை எடுத்தேன். அன்று அப்பா எங்கே நின்றாரோ அதே மேடை. குளிர் எலும்பு வரை போனது, பயம் மட்டும் அப்படியே நின்றது, ஆனால் கால் ஓடாமல் இருந்தது. அதற்கு மேல் அது என்ன செய்யும்? தட்டு பாதி காலியான பிறகு கேட் சத்தம் கேட்டது. தம்பி கால் கழுவிவிட்டு உள்ளே வந்தான். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் மொழியில், மெதுவாக, "ஆத்துப் பாலம் வரைக்கும் போனேன். கொஞ்ச நேரம் நின்னேன். வந்துட்டேன்" என்றான். அம்மா அவன் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அவன் அழுதான். அந்த வாரமே கோயமுத்தூருக்கு அவனாகவே அழைப்புப் போட்டு, அறைக்குள் போய் வெகுநேரம் பேசினான். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது.

இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தம்பி குளித்துவிட்டு வந்து, தலையைக்கூடத் துவட்டாமல், ஃப்ரீசரைத் திறந்து ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு மேடையில் சாய்ந்து நின்றான். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. "யாரு மேலடா கோபம்?" என்று கேட்டேன்.

"அப்பா மேல" என்றான். "வாரேன்னு சொல்லிட்டு வரலையே அவரு."

எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது என்பது அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நானும் ஒரு கட்டியை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் மேடையில் சாய்ந்து நின்றோம், தரையெல்லாம் தண்ணீர். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். கரைந்து முடிந்ததும் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, உடைந்த மூலை வழியாகச் சிந்தாமல் தட்டில் தண்ணீர் பிடித்து, ஃப்ரீசரில் வைத்தான். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். கேட்டைத் திறந்து, வண்டியை வெளியே எடுத்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் தலையைத் திருப்பினான்.

"வாரேன்" என்றான்.